வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

மேனுவல் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? விலையைப் பார்த்து வாங்குபவர்கள் தவறவிடும் விஷயம்

“தம்பி, கையை நீட்டுங்க” என்றார் மெக்கானிக். நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு பித்தளை வளையத்தை வைத்தார். பெண்கள் கையில் போடும் வளையல் அளவுதான் இருந்தது. வெளிப்பக்கம் சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள். உள்பக்கம் நூல் சுற்றினாற்போல மெல்லிய வரிகள். பக்கத்திலேயே காகிதம் பிரித்து ஒரு புது வளையத்தையும் வைத்தார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. புதியதில் ஒவ்வொரு பல்லின் முனையும் ஓட்டு வீட்டுக் கூரைபோலக் கூம்பி நின்றது. நகத்தை வைத்து இழுத்தால் உள்வரிகள் நரநரவென்று தட்டுப்பட்டன. பழையதில் கூரை மழுங்கியிருந்தது. உள்ளே நகம் வழுக்கிக்கொண்டு போனது. நிறமும் வேறு. புதியது மஞ்சள். பழையது புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம்போலக் கறுத்துச் சிவந்திருந்தது.

“இதுதானுங்க உங்க ரெண்டாவது கியர்” என்றார்.

எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போதெல்லாம் ‘கறக்’ என்று ஒரு கடி. முதலில் காலைக் குளிரில் மட்டும் கேட்டது, பிறகு எப்போதும். ஒன்றரை வருடத்துக்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கியர் ஆயில் மாற்றியிருந்தேன். “இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான ஆயில் போட்டிருக்கோம் சார்” என்று அங்கே சொன்னார்கள். சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். அந்த பில்லை இப்போது எடுத்துப் பார்த்தால் ‘இபி 90, ஜிஎல்-5’ என்று இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தது ‘75டபிள்யூ-90, ஜிஎல்-4’.

“அப்ப ஆயில்தான் காரணமாண்ணா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆயில் மட்டும்தான்னு சொல்ல மாட்டேன் தம்பி. தொண்ணூறாயிரம் ஓடினா ரிங் தேயத்தான் செய்யும். ஆனா இந்தக் கறுப்பு, இந்த வழவழப்பு, இது ஓட்டத்துல வர்றதில்லைங்க.”

வளையத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆனது, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி. தொடக்கத்திலேயே சரியான ஆயில் ஊற்றியிருந்தால் தேவைப்பட்டிருப்பது இரண்டேகால் லிட்டர். இஞ்சின் ஆயிலைப் பற்றி ஊரே பேசுகிறது. பெட்ரோல் பங்கில்கூடக் கேட்காமலே யோசனை சொல்கிறார்கள். கியர் ஆயிலைப் பற்றிப் பேச ஆளில்லை. அதனாலேயே இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் ஒரு கைகுலுக்கல்

கியர் மாற்றுகிறோம் என்று சொல்கிறோமே தவிர, இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் பல்சக்கரங்கள் எப்போதுமே ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுழல்கின்றன. நம் கை லீவரைத் தள்ளும்போது நடப்பது, அவற்றில் ஒன்றை அச்சோடு பூட்டுவது மட்டுமே. பூட்டப்போகும் இரண்டு பாகங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது கியரின் விகிதம் 1.28, இரண்டாவதன் விகிதம் 1.9 என்று வையுங்கள். சிறிய கார்களில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். மூன்றாவதில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் உள்ளீட்டு அச்சு, இரண்டாவதில் பூட்டிக்கொள்ள ஏறக்குறைய 3,000 சுற்றுக்கு வர வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில், கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ஆயிரம் சுற்று ஏற வேண்டும். அந்த வேலையைச் செய்வது என் கையில் இருந்த அந்தப் பித்தளை வளையம். மெக்கானிக்குகள் அதை ‘சிங்க்ரோ ரிங்’ என்கிறார்கள்.

கூம்பு வடிவ எஃகுப் பரப்பின் மேல் வளையம் போய் அழுந்துகிறது. உள்வரிகள் இடையில் இருக்கும் ஆயிலை வெட்டி வெளியே தள்ளுகின்றன. பித்தளை எஃகைப் பிடிக்கிறது. உராய்வால் இரண்டின் வேகமும் ஒன்றாகிறது. ஒன்றாகும் வரை வளையத்தின் வெளிப்பற்கள் குறுக்கே நின்று லீவரை உள்ளே விடாது. வேகம் சமமானதும் வழிவிடும். நம் கைக்குத் தெரிவது ஒரு மெல்லிய தயக்கம், பிறகு ‘டக்’. கைகுலுக்கப் போகும் இருவர் முதலில் நின்று முகம் பார்ப்பது போல.

இந்த ஏற்பாடு காருக்கு வந்தது 1928-ல். அமெரிக்காவின் காடிலாக் கார்களில், ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் முதலில் வந்தது. அதற்கு முன் ஓட்டுநரே வேகத்தைச் சமன் செய்ய வேண்டும்: கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்சை விடு, ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து, மறுபடி கிளட்ச், பிறகு கியர். நம் ஊர் லாரிகளில் சிங்க்ரோ பரவலாக வரும்வரை, பழைய லாரி டிரைவர்கள் மலைப்பாதையில் இப்படி ‘டபுள் கிளட்ச்’ அடித்து இறங்கிய தலைமுறை. அந்தப் பெட்டிகளில் பித்தளை வளையம் கிடையாது. எந்தத் தடித்த ஆயிலையும் அவை தாங்கின.

சிங்க்ரோ வந்தபிறகு ஆயிலின் வேலை இரட்டிப்பானது, அதுவும் எதிரெதிரான இரண்டு வேலை. பல்லும் பல்லும் சந்திக்கும் இடத்தில் அது வழுக்க வேண்டும். வளையமும் கூம்பும் சந்திக்கும் இடத்தில் பிடிக்கவிட வேண்டும். ஒரே பெட்டி, ஒரே ஆயில். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நல்ல கியர் ஆயில். வழுக்கல் மட்டுமே அளவுகோல் என்றால் நான் வாங்கியதைப்போலத்தான் வாங்குவோம்.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?

கியர் ஆயில் ஒருமுறை கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் இரண்டு நாள் மணம் போகாது. அழுகிய முட்டையும் பூண்டும் கலந்தாற்போன்ற அந்த நெடி, கந்தகத்தின் நெடி. அது அங்கே இருப்பதற்கு நூறு வருடக் கதை ஒன்று உண்டு.

1920-களின் பிற்பகுதியில் பின்சக்கர அச்சுக்கு ‘ஹைப்பாய்ட்’ என்ற புதுவகைப் பல்சக்கரம் வந்தது. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்க, பேக்கார்டு கார்கள் முதலில் பயன்படுத்தின. நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன் பினியன்’ என்று சொல்லும் ஜோடிதான் அது. பினியனைக் கிரவுனின் மையத்துக்குக் கீழே வைத்ததால் காரின் தரை தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், நீளவாட்டில் உரசிக்கொண்டே போயின. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்தது. எஃகோடு எஃகு ஒட்டிப் பிய்ந்தது.

மருந்தாக வந்தவைதான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள். இவை சாதாரண நேரத்தில் ஆயிலில் சும்மா கரைந்து கிடக்கும். பற்கள் உரசும் புள்ளியில் நொடிப்பொழுதுக்கு ஏறும் கடும் சூட்டில் மட்டும் கண் விழித்து, எஃகின் மேல் மெல்லிய இரும்பு சல்பைடு படலமாகப் படியும். உரசும்போது எஃகுக்குப் பதில் அந்தப் படலம் தேயும், மறுபடி படியும். ஆயில் டப்பாவில் ‘இபி’ என்று போட்டிருப்பது இந்த அதீத அழுத்தத் தாங்குதிறனைத்தான்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்குத் திமிங்கிலமும் உயிர் கொடுத்தது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துக் கியர் ஆயிலிலும், ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் ஆயிலிலும் கலந்தார்கள். நம் கடற்கரைகளில் கடத்தல் வழக்குகளில் அடிபடும் அம்பர்கிரிஸ் வருவதும் இதே திமிங்கிலத்திடமிருந்துதான். 1970-ல் அமெரிக்கா இந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்ததும் அந்த வரத்து நின்றது. வேதியியலாளர்கள் அவசரமாக மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. பாலைவனச் செடியான ஜோஜோபாவின் எண்ணெய்கூட ஆராயப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஆலைகளில் செய்த சேர்மங்கள் இருக்கின்றன.

கந்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. எஃகைக் காக்கும் அதே கந்தகம், செம்பையும் செம்பு கலந்த பித்தளையையும் கறுக்க வைக்கும். வீட்டில் பாத்திரம் கறுத்தால் புளி போட்டு விளக்கலாம். மூடிய பெட்டிக்குள் யார் விளக்குவது?

நாலா, ஐந்தா?

கடையில் டப்பாவைத் திருப்பினால் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு குறிகள்தான் அதிகம் தென்படும். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக ஏபிஐ, வகுத்த வகைகள் இவை. பத்தாம் வகுப்பைவிடப் பன்னிரண்டாம் வகுப்பு பெரிது என்பதுபோல நாலைவிட ஐந்து மேல் என்று நினைப்பது இயல்பு. நான் ஏமாந்ததும் அங்கேதான்.

ஜிஎல்-4 மிதமான உரசல் உள்ள பெட்டிகளுக்கானது. ஜிஎல்-5 ஹைப்பாய்ட் அச்சுகளுக்கென்றே வகுக்கப்பட்டது. அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜிஎல்-4-ல் இருப்பதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். கிரவுனுக்கு அது தேவை. பித்தளை ரிங் உள்ள கியர்பாக்ஸுக்கு அது மிகை. இரண்டும் இரண்டு வேலைக்கான இரண்டு கருவிகள். படிக்கட்டின் மேல்படி, கீழ்படி என்று பார்க்கக் கூடாது.

இதில் இரண்டு வகைக் கேடு உண்டு. ஒன்று, அரிப்பு. இதை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது: பளபளவென்று தேய்த்த செம்புப் பட்டையை 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்று மணி நேரம் ஆயிலில் முக்கி எடுத்து, வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். 1ஏ என்றால் ஏறத்தாழப் புதுச் செம்பு. 4சி என்றால் பளபளக்கும் கரி. இன்றைய நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் கந்தகத்தை அடக்கி வைக்கும் சேர்மங்கள் இருப்பதால் இந்தக் கேடு முன்னைவிடக் குறைந்திருக்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது கேடு, உராய்வு. அதிக இபி படலம் வளையத்தின் மேல் படிந்தால் பிடிமானம் குறைகிறது. வேகம் சமமாகும் முன்பே பல் போய் இடிக்கிறது. ‘கறக்’ என்ற அந்தச் சத்தம் அதுதான்.

‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிய டப்பாக்களும் உண்டு. பாரம் தாங்கும் விஷயத்தில் ஐந்தைத் தேறிய ஆயில் நாலையும் தேறும் என்பது உண்மை. ஆனால் பித்தளைக்கு அது இதமா, சிங்க்ரோவுக்கு ஏற்ற உராய்வு அதில் இருக்கிறதா என்பதற்கு அந்தக் குறி மட்டும் உத்தரவாதம் தராது. சிங்க்ரோ பெட்டிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தனியாக, வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே அதை எடுக்கலாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இஞ்சின் ஆயிலுக்கு ஏபிஐ உரிமம் கொடுத்து முத்திரை போட அனுமதிக்கிறது. கியர் ஆயிலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. டப்பாவில் இருக்கும் ஜிஎல் குறி, தயாரிப்பாளர் தன் பொறுப்பில் எழுதுவது. ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

“அப்படியானால் எல்லா வண்டிக்கும் ஜிஎல்-4 ஊற்றிவிடலாமா?” கூடாது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் இஞ்சின் குறுக்காக இருக்கும், முன்சக்கரம் இழுக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டி. அங்கே இருப்பது ஹைப்பாய்ட் இல்லை, சாதாரணச் சாய்வுப் பல்சக்கரம். அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஜிஎல்-4 போதும். பின்சக்கரம் இழுக்கும் ஜீப், வேன், பிக்கப் வண்டிகளில் கியர்பாக்ஸ் தனி, கிரவுன் தனி. இரண்டுக்கும் இரண்டு ஆயில் என்று கையேடு சொல்லக்கூடும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டிலும் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஜப்பானின் சுபாரு போன்ற சில வண்டிகளில் ஹைப்பாய்டும் சிங்க்ரோவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியை ஜிஎல்-5-க்கு ஏற்பவே வடிவமைத்து, அதையே கேட்கிறார்கள். அங்கே நாலை ஊற்றினால் கிரவுன் போகும். கையேட்டை மீறி எந்தப் பொதுவிதியும் இல்லை.

தொண்ணூறு என்றால் என்ன?

“90 ஆயில் ஒரு லிட்டர், 140 ஆயில் ரெண்டு லிட்டர்” என்று கேட்டு வாங்குவதுதான் நம் கடைகளின் வழக்கம். அந்த எண் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே306 என்ற தரநிலைப்படி, 100 டிகிரி சூட்டில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 90. ஏழிலிருந்து பதினொன்றுக்குள் இருந்தால் 80. இருபத்துநாலைத் தாண்டினால் 140.

90 என்றதும், 40 நம்பர் இஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இஞ்சின் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. உண்மையில் 90 கியர் ஆயில், 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட இஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மைதான். ஹோண்டா தன் சில கார்களின் கையேட்டில், தன் மேனுவல் கியர் ஆயில் கிடைக்காதபோது தற்காலிகமாக 10டபிள்யூ-30 இஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று அனுமதித்தது. அந்த அனுமதி அந்தப் பெட்டிக்கு மட்டும்.

முன்னால் வரும் ‘டபிள்யூ’ எண் குளிருக்கானது. 75டபிள்யூ ஆயில், மைனஸ் 40 டிகிரியில்கூட உறைந்துபோகாமல் நகரும். 80டபிள்யூ-க்கு அந்த எல்லை மைனஸ் 26. “நமக்கெதற்கு மைனஸ் நாற்பது? ஊட்டியில்கூட உறைபனிதானே அதிகபட்சம்?” என்று கேட்கலாம். பலன் வேறிடத்தில் இருக்கிறது. 100 டிகிரியில் 80டபிள்யூ-90 மினரல் ஆயிலும் 75டபிள்யூ-90 சிந்தெடிக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல, 15 சென்டிஸ்டோக்ஸ் அளவில் நிற்கும். 40 டிகிரிக்கு ஆறினால் மினரல் சுமார் 140-க்கு ஏறும். சிந்தெடிக் சுமார் நூறோடு நிற்கும். சூடு குறையக் குறைய இந்த இடைவெளி விரிந்துகொண்டே போகும். காலையில் வண்டி எடுத்தவுடன் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்த இடைவெளியால்தான். கெட்டி ஆயிலை வளையத்தின் வரிகளால் சட்டென்று வெட்டித் தள்ள முடிவதில்லை.

சத்தம் வரும் பழைய பெட்டிக்கு 140 ஊற்றிச் ‘சரி செய்வது’ இன்னொரு பழக்கம். சத்தம் அமுங்கும், உண்மைதான். ஆனால் பேரிங் தேய்மானம் அங்கேயே இருக்கும், சிங்க்ரோ கூடுதலாகத் திணறும், எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இப்போது தயாரிப்பாளர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். மைலேஜுக்காக 75டபிள்யூ-80, 70டபிள்யூ என்று மெல்லிய ஆயில்களையே புதுப் பெட்டிகளுக்குக் கேட்கிறார்கள். ‘தண்ணிமாதிரி இருக்கு’ என்று அவற்றில் 90-ஐ ஊற்றுவது உபகாரம் ஆகாது. பேரிங் இடைவெளிகளும் ஆயில் பாயும் வழிகளும் அந்த மெல்லிய ஆயிலுக்கென்றே கணக்கிடப்பட்டவை.

சிந்தெடிக் என்ற சொல்

ஏபிஐ, அடிப்படை ஆயில்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. சென்னை மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸாகத் தொடங்கிய இன்றைய சிபிசிஎல் ஆலையும் மசகு எண்ணெய்க்கான அடிப்படைச் சரக்கைத் தயாரித்து வந்த ஆலைதான். மூன்றாவது குழு, ஹைட்ரஜன் செலுத்தி மூலக்கூறுகளையே மாற்றியமைத்துச் சுத்திகரித்தது. நான்காவது, பாலி-ஆல்ஃபா-ஓலிஃபின், எத்திலீன் வாயுவில் தொடங்கிச் செங்கல் செங்கலாகக் கட்டிய மூலக்கூறு. ஐந்தாவதில் எஸ்டர் முதலான மற்றவை எல்லாம் அடங்கும்.

நான்கும் ஐந்தும்தான் சிந்தெடிக் என்று ஒரு காலத்தில் இருந்தது. கேஸ்ட்ரால் மூன்றாம் குழு ஆயிலைச் சிந்தெடிக் என்று விற்கிறது என்று மொபில் நிறுவனம் முறையிட்டது. அமெரிக்க விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு 1999-ல் அந்தப் பெயர் செல்லும் என்றது. அன்றிலிருந்து டப்பாவில் ‘சிந்தெடிக்’ என்று இருப்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நல்ல மூன்றாம் குழு ஆயிலும் நம் வெயிலுக்கு நன்றாகவே உழைக்கும். அதனால் இந்த விவாதத்தில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

பிறகு எதற்குக் கூடுதல் விலை? சூட்டைத் தாங்குவதற்கு. ஆயிலின் சூடு பத்து டிகிரி ஏறினால் அது காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது துறையில் உள்ளவர்களின் கைக்கணக்கு. மே மாத வெயிலில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கோ, எழுபது வளைவு ஏறிக் கொல்லிமலைக்கோ, ஆள் நிறைந்த வண்டியை இரண்டாவது கியரிலேயே இழுத்துப்போகும்போது பெட்டி எவ்வளவு கொதிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே சிந்தெடிக்கின் நிதானம் பலன் தரும். இரண்டாவது காரணம், பல்சக்கரங்கள் ஆயிலையே அரைக்கின்றன. மினரல் ஆயிலில் பாகுத்தன்மையைத் தூக்கிப் பிடிக்கச் சேர்க்கும் நீள மூலக்கூறுகள் நாளடைவில் நறுங்கி, 90 என்று ஊற்றியது இளகிவிடும். தன் இயல்பிலேயே அந்தக் குணம் உள்ள அடிப்படை ஆயிலுக்கு இந்த ஊன்றுகோல் குறைவாகத் தேவைப்படும்.

ஆனால் வரிசை முக்கியம். ஜிஎல் எண்ணும் பாகுத்தன்மையும் பொருந்தியபிறகு வர வேண்டிய கேள்விதான் சிந்தெடிக்கா என்பது. பொருந்தாத சிந்தெடிக்கைவிடப் பொருந்திய மினரல் எவ்வளவோ மேல்.

மாற்றும் நாளில் கூடவே நில்லுங்கள்

வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோங்கள். சூட்டில் ஆயிலோடு அழுக்கும் சேர்ந்து இறங்கும். வண்டி சம தரையில் நிற்க வேண்டும். முதலில் திறக்க வேண்டியது மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட், கீழே இருக்கும் டிரெயின் போல்ட் இல்லை. காலியான பெட்டியை வைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஃபில்லர் போல்ட் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

டிரெயின் போல்ட்டின் முனையில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். என் வண்டியின் காந்தத்தில் திருநீற்றைக் குழைத்தாற்போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். “நெருடலைங்க. இது நல்ல தேய்மானம்” என்றார். நெருடினால், ஊசிபோலத் துணுக்கு இருந்தால், பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். பிறகு வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துக் காட்டினார். அதில் தங்கப்பொடி தூவினாற்போல மினுமினுப்பு. காந்தம் பித்தளையை இழுக்காது. அது ஆயிலிலேயே மிதந்து, வளையம் கரைவதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வடித்த ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இஞ்சினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். கியர்பாக்ஸை எத்தனை பேர் நினைத்தார்கள்? பெட்டியின் மேல் ‘பிரீதர்’ என்று ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். சக்கர மையம் தாண்டித் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

புது ஆயிலை ஃபில்லர் துளையின் விளிம்பு வரை நிரப்புவதுதான் பெரும்பாலான பெட்டிகளில் முறை. வழியத் தொடங்கினால் அளவு சரி. குறைந்தால் மேலே இருக்கும் பற்கள் காயும். அடைத்து ஊற்றினால் நுரைத்துச் சீல் வழியே கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் சாலைகளில் பரவத் தொடங்கிய இந்த வகை, கிளட்சையும் லீவரையும் இயந்திரமே இயக்கும் மேனுவல் பெட்டிதான். உள்ளே அதே சிங்க்ரோ, அதே கியர் ஆயில். ‘ஆட்டோமேட்டிக்’ என்று எண்ணி வேறு ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அதன் இயக்கிக்கான ஹைட்ராலிக் திரவம் தனி. பைக் கதையும் வேறு: பெரும்பாலானவற்றில் இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே இஞ்சின் ஆயிலில் குளிக்கின்றன, கியர் ஆயிலுக்கு அங்கே வேலை இல்லை.

கடைக்குப் போகும் முன்

1. கையேட்டில் ‘மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயில்’ வரியைத் தேடி எடுங்கள். பாகுத்தன்மை, ஜிஎல் எண், அளவு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. ஜிஎல்-4 கேட்டிருந்தால் ஜிஎல்-4 மட்டும் வாங்குங்கள்.
3. ‘லிமிடெட் ஸ்லிப்’ என்று எழுதிய ஆயில் சிங்க்ரோ பெட்டிக்கு வேண்டாம். அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மம் கூடுதலாக இருக்கும்.
4. ஜிஎல் எண்ணும் பாகுத்தன்மையும் பொருந்திய சிந்தெடிக் கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டு லிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் செலவுதான்.
5. வண்டி மிகப் பழையது என்றால் முதலில் சீல்களைப் பாருங்கள். இறுகிப்போன சீல் மெல்லிய ஆயிலைத் தாங்காமல் கசியலாம்.
6. சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பில்லில் ஆயிலின் முழுப்பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

புது வளையம் போட்டு, கையேட்டில் சொன்ன 75டபிள்யூ-90 ஜிஎல்-4 சிந்தெடிக் ஊற்றி, வண்டியை எடுத்தேன். மறுநாள் விடியற்காலை, இஞ்சின் சூடேறும் முன்பே, தெருமுனை வேகத்தடையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். ஒன்றரை வருடமாகக் கடிக்குப் பயந்து மெதுவாகத் தள்ளிப் பழகிய கை, அன்றும் தானாகவே தயங்கியது. லீவர் தயங்கவில்லை. மெல்லிய ஒரு அழுத்தம், பிறகு ‘டக்’.

பழைய வளையத்தை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்தேன். மேஜைமேல் இருக்கிறது. அடுத்த முறை யாராவது “இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானது” என்று சொன்னால், முதலில் கையேட்டைத் திறப்பேன்.